பூமிக்கு அடியில் ஓர் அறை: பதுங்கறைகள், ஒளிவிடங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதுங்கறை, ரகசிய அறை என்று பேச்சை எடுத்தாலே போதும், சுற்றி இருப்பவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விடுவார்கள். பல வருடமாக இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன், கேட்கப்படும் கேள்விகளும் திரும்பத் திரும்ப ஏறக்குறைய அதேதான். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பங்கர், பதுங்கு குழி, நிலவறை எல்லாம் ஒன்றுதானா?

பேச்சில் எல்லாவற்றையும் பங்கர் என்றே சொல்லிவிடுகிறோம், தப்பில்லை. ஆனால் குண்டுச் சிதறலுக்குத் தப்ப சில மணி நேரம் குந்தியிருக்கும் குழி வேறு, நூற்றுக்கணக்கானவர்கள் வாரக்கணக்கில் வாழக் கட்டும் நிலத்தடிக் கட்டடம் வேறு. முன்னதற்கு மண்ணும் மரக்கட்டையும் போதும். பின்னதற்குக் காற்று, தண்ணீர், கழிவு, மின்சாரம், சமையல், மருத்துவர் என்று ஒரு சின்ன ஊரே வேண்டும். இன்னொன்று ஒளிவிடம். அது மண்ணுக்கு அடியில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, தேடி வருகிறவன் கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான். கீழே இவை மூன்றையும் கலந்துதான் பேசப் போகிறேன்.

இவ்வளவு பெரிய இடத்தை ஊருக்குத் தெரியாமல் எப்படிக் கட்டினார்கள்?

தெரிகிற மாதிரி வேறொன்றைக் கட்டுவார்கள், அதற்கு அடியில் இதைக் கட்டுவார்கள். இதற்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் கிரீன்பிரையர் என்ற பெரிய சொகுசு ஹோட்டல். 1950களின் கடைசியில் அங்கே புதிதாக ஒரு பகுதி எழும்பியது. அதற்குக் கீழே, அணு ஆயுதப் போர் வந்தால் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனைவரும் வந்து தங்க 1,100 பேருக்கு இடம் தயாரானது. ஒரு கதவு மட்டும் 25 டன், ஆனால் கீல்களின் சமநிலை அவ்வளவு துல்லியம், ஒரே ஆள் கையால் தள்ளி நகர்த்தலாம். இதில் என்னை அசர வைத்தது கதவு இல்லை. ஹோட்டல் விருந்தினர்கள் மாநாடும் கண்காட்சியும் நடத்திய பெரிய மண்டபமே பங்கரின் ஒரு பகுதிதான், அதன் பிரம்மாண்டக் கதவை ஒரு தடுப்புக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் காபிக் கோப்பையோடு பங்கருக்குள் நடந்துவிட்டு, பங்கரைப் பார்த்ததே தெரியாமல் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

பராமரிக்க ஆள் வேண்டுமே? அதற்கு ஒரு போலி நிறுவனம் இருந்தது, ஹோட்டலின் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பழுது பார்ப்பவர்கள் என்ற பெயரில். அவர்கள் நிஜமாகவே டிவி ரிப்பேரும் செய்தார்கள். நல்ல மறைப்பு என்றால் அப்படித்தான், சொல்லிக்கொண்ட வேலையை உண்மையிலேயே செய்து காட்ட வேண்டும்.

மற்ற இடங்களிலும் இதே வழிதான், அளவு மட்டும் மாறும். போஸ்னியாவில் கோன்யிட்ஸ் ஊருக்குப் பக்கத்தில் யூகோஸ்லாவிய அதிபர் டிட்டோவுக்காக 1953 முதல் 1979 வரை, 26 வருடம், ஒரு மலையைக் குடைந்தார்கள். 350 பேர் தங்கும் அந்த இடத்துக்குள் நுழையும் வழி, சாலையோரம் நிற்கும் மூன்று சாதாரண வீடுகள். இங்கிலாந்தில் கெல்வடன் ஹாட்ச் பங்கருக்கு வாசல் ஒரு சின்ன ஓட்டு வீடு. சுவிட்சர்லாந்தில் கிளாண்ட் என்ற ஊரில் ஒரு பீரங்கிக் கோட்டையையே ஜன்னலும் திரையும் வரைந்து இளஞ்சிவப்பு வீடாக்கி வைத்தார்கள்.

அப்புறம் எப்படித்தான் ரகசியம் வெளியே வந்தது?

சுவர் வழியாக எந்த ரகசியமும் கசிவதில்லை, எல்லாம் ஆட்கள் வழியாகத்தான். 1963இல் பிரிட்டனில் அணு ஆயுத எதிர்ப்பாளர்கள் சிலர் வாரன் ரோ என்ற கிராமத்தில் இருந்த அரசுப் பதுங்கறைக்குள் புகுந்து ஆவணங்களைப் படமெடுத்து, துண்டுப் பிரசுரமாக அச்சிட்டு நாடு முழுக்க அனுப்பினார்கள். 'அமைதிக்கான உளவாளிகள்' என்பது அவர்கள் வைத்துக்கொண்ட பெயர். கிரீன்பிரையர் விஷயம் 1992 மே 31 அன்று வாஷிங்டன் போஸ்ட் வார இதழில் டெட் கப் என்ற செய்தியாளர் எழுதிய கட்டுரையோடு முடிந்தது. 30 வருடம் காத்த இடம் ஒரே கட்டுரையில் பயனற்றுப் போனது. ஏனென்றால் எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரிந்துவிட்டால், நேரடித் தாக்குதலைத் தாங்கும்படி அதைக் கட்டவில்லை.

அமெரிக்க அரசின் இன்னொரு பதுங்கறை இருந்த மவுண்ட் வெதர் மலையின் கதை வேறு மாதிரி, துயரமானது. 1974 டிசம்பர் 1 அன்று ஒரு பயணிகள் விமானம் வர்ஜீனியாவில் அந்த மலையில் மோதி, அதில் இருந்த 92 பேரும் இறந்தார்கள். விபத்தை எழுத வந்த பத்திரிகையாளர்கள், பக்கத்திலேயே வேலி போட்டுக் காவல் காத்த அரசு வளாகம் ஒன்று இருப்பதைப் பார்த்து அது என்னவென்று கேட்க ஆரம்பித்தார்கள்.

நிஜமான ஆபத்தில் யாராவது இப்படி ஒளிந்து பிழைத்திருக்கிறார்களா?

பிழைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஒளிந்த இடங்களைப் பார்த்தால் 25 டன் கதவெல்லாம் கிடையாது.

உக்ரைனின் மேற்குப் பகுதியில் ஜிப்சம் பாறையில் உருவான குகைகள் இருக்கின்றன. 1942 அக்டோபரில் நாஜிகளிடமிருந்து தப்பி, எஸ்தர் ஸ்டெர்மர் என்ற தாயின் குடும்பமும் வேறு சில யூதக் குடும்பங்களும் முதலில் ஒரு குகைக்குள் போனார்கள், அது காட்டிக்கொடுக்கப்பட்டதும் 1943இல் இன்னொரு குகைக்கு மாறினார்கள். 38 பேர். ஆண்கள் இரவில் மட்டும் ஒரு குறுகிய குழி வழியாக மேலே ஏறி மாவும் மண்ணெண்ணெயும் விறகும் கொண்டு வருவார்கள். குகைக்குள்ளேயே தண்ணீர் இருந்தது, அது பெரிய கொடுப்பினை. விளக்கு எரிவது நாளில் கொஞ்ச நேரம்தான், மற்ற நேரமெல்லாம் கும்மிருட்டில் தூக்கம். ஒருமுறை கிராமத்து ஆட்கள் சிலர் வாசலை மண் போட்டு மூடிவிட்டார்கள், உள்ளிருந்தவர்கள் வேறு வழி தோண்டித்தான் வெளியே வந்தார்கள். 1944 ஏப்ரலில், ஜெர்மானியர்கள் போய்விட்டார்கள் என்ற சேதியை ஒரு நண்பர் பாட்டிலுக்குள் எழுதிப் போட்டு குகைக்குள் இறக்கினார். இரண்டு குகைகளிலும் சேர்த்து 511 நாட்கள். வெளியே வந்தபோது ஒரு சின்னப் பெண் குழந்தை, அந்தப் பெரிய விளக்கை அணைக்கச் சொல்லி அம்மாவிடம் கேட்டதாம். அது சூரியன்.

ஆம்ஸ்டர்டாமில் பிரின்சன்கிராக்ட் 263ஆம் எண் கட்டடத்தில் ஆன் ஃபிராங்க் உட்பட எட்டுப் பேர் ஒளிந்திருந்த இடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது நிலத்தடி இல்லை, அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு சுழலும் புத்தக அலமாரி மறைத்த அறைகள். 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் 4 வரை அங்கே இருந்தார்கள். அத்தனை நாளும் அது தாங்கியதற்குக் காரணம் அலமாரி மட்டும் இல்லை. கீழே அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ரொட்டியும் புத்தகமும் சேதியும் கொண்டு வந்து கொடுத்த மீப் கீஸ் முதலான ஒரு சிலர் இருந்தார்கள். ஒளிந்திருப்பவருக்கு வெளியே ஒரு நம்பகமான ஆள் வேண்டும். மற்ற ஏற்பாடெல்லாம் அதற்குப் பிறகுதான் என்பது என் கருத்து, இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் அதுதான்.

இன்னும் பின்னால் போனால் நிக்கோலஸ் ஓவன். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் கத்தோலிக்கப் பாதிரியார்களைப் பிடித்துத் தண்டித்த காலம். ஓவன் ஒரு தச்சர், குள்ளமான ஆள், காலும் கொஞ்சம் நொண்டும். பகலில் வீட்டில் ஏதோ சில்லறை மரவேலை செய்வது போல் காட்டிக்கொண்டு, இரவில் தனியாகச் சுவரையும் படிக்கட்டையும் குடைந்து மறைவிடம் செய்வார். ஒரு வீட்டில் செய்தது போல் இன்னொரு வீட்டில் செய்ய மாட்டார், ஒன்று பிடிபட்டால் மற்றதும் பிடிபட்டுவிடும் அல்லவா. ஹார்விங்டன் ஹால் என்ற வீட்டில் சுவரில் செங்குத்தாக நிற்கும் ஒரு உத்தரக்கட்டை இருக்கிறது, அதைத் தள்ளினால் மட்டும் சுழன்று ஒரு ஆள் நுழையும் இடைவெளி திறக்கும். அதை அவர் செய்ததாகவே சொல்கிறார்கள். 1606இல் ஹிண்ட்லிப் என்ற வீட்டில் அவரே ஒரு மறைவிடத்துக்குள் இருந்தபோது தேடல் நாள்கணக்கில் நீண்டது, பசி தாங்காமல் வெளியே வந்து பிடிபட்டார். லண்டன் டவரில் சித்திரவதையில் இறந்தார், ஒரு இடத்தைக்கூடச் சொல்லவில்லை. 1970இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

பயத்துக்காக இல்லாமல் ஆசைக்காகத் தோண்டியவர்கள் உண்டா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். பால்டசாரே ஃபொரெஸ்டியரே என்ற சிசிலிக்காரர் கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ ஊரில் பழத்தோட்டம் போடலாம் என்று நிலம் வாங்கினார். தோண்டிப் பார்த்தால் மேல்மண்ணுக்குக் கீழே பாறை போல இறுகிய மண் படலம், எந்த மரத்தின் வேரும் இறங்காது. கோடையில் வெயிலும் 40 டிகிரியைத் தாண்டும். குளிர்ச்சிக்காக ஒரு நிலவறை வெட்டினார், அதில் இருந்துகொண்டு யோசித்தபோது, தோட்டத்தையே கீழே இறக்கிவிட்டால் என்ன என்று தோன்றியிருக்கிறது. 1906 முதல் 1946இல் இறக்கும் வரை கடப்பாரை, மண்வெட்டி, தள்ளுவண்டி, கோவேறு கழுதைகள் என்று இவற்றை வைத்தே தோண்டினார். வரைபடம் எதுவும் போடவில்லை. வெட்டி எடுத்த இறுகிய மண்ணையே செங்கல் போல அறுத்து வளைவுகள் கட்டினார். படுக்கையறை, சமையலறை, சிற்றாலயம், மீன் தொட்டி எல்லாம் கீழே. மரம் வேரூன்றி நிற்பது நிலத்தடி முற்றத்தில், அதன் தலை மட்டும் கூரைத் திறப்பு வழியாகத் தரைமட்டத்துக்கு எட்டிப் பார்க்கும். மேலே நடந்து போகிறவர் குனிந்து ஆரஞ்சு பறிக்கலாம். ஒரே மரத்தில் ஏழு வகை எலுமிச்சை இனப் பழங்களை ஒட்டுக்கட்டி வளர்த்திருக்கிறார். அந்தத் தோட்டம் இன்றும் பசுமையாக இருக்கிறது, பார்வையாளர்களுக்கும் திறந்திருக்கிறது.

இவருக்கு நேர் எதிர் இங்கிலாந்தின் ஐந்தாவது போர்ட்லண்ட் கோமகன், 1879இல் இறந்தார். மனிதர்களைச் சந்திக்கவே கூச்சம், வேலைக்காரர்களிடம்கூடச் சீட்டு எழுதித்தான் பேசுவார். அவருடைய வெல்பெக் மாளிகைக்கு அடியில் ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடன மண்டபம் கட்டினார், அவர் காலத்தில் அங்கே ஒரு நடனமும் நடக்கவில்லை. லிவர்பூலில் ஜோசப் வில்லியம்சன் என்ற புகையிலை வியாபாரி 1840இல் இறக்கும் வரை ஆட்களை வைத்துச் சுரங்கம் சுரங்கமாக வெட்டிக்கொண்டே இருந்தார். ஏன் என்று யாரிடமும் அவர் சொல்லவில்லை. நெப்போலியன் போர் முடிந்து வேலையில்லாமல் நின்றவர்களுக்குக் கூலி கொடுக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள், எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

லாஸ் வேகாஸில் ஜெரார்ட் ஹெண்டர்சன் 1970களின் கடைசியில் கட்டியது இன்னொரு ரகம். 8 மீட்டர் ஆழத்தில் பெரிய கான்கிரீட் கூடம், அதற்குள் தனியாக ஒரு வீடு, வீட்டைச் சுற்றி முற்றம், நீச்சல் குளம், செயற்கைப் புல், கூரையைத் தாங்கும் தூண்களை மறைக்கச் செயற்கை மரங்கள். சுவரெல்லாம் வரைந்த மலையும் காடும். விசையைத் திருப்பினால் பகல், அந்தி, இரவு என்று வெளிச்சம் மாறும். அணுகுண்டு பயத்தில் தொடங்கியதுதான், ஆனால் அந்தி வெளிச்சத்துக்குத் தனி விசை வைத்தவருக்கு உயிர் பிழைத்தால் மட்டும் போதவில்லை, அங்கே சந்தோஷமாக வாழ ஆசைப்பட்டிருக்கிறார்.

உள்ளே மூச்சு விடுவது எப்படி?

பலரும் ஆக்சிஜன் தீர்ந்துவிடும் என்றுதான் பயப்படுகிறார்கள். அதற்கு முன்பே நாம் விடும் கரியமில வாயு ஆளைச் சாய்த்துவிடும். கணக்கு எளிது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 20 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். 10 கன மீட்டர், அதாவது 10,000 லிட்டர் காற்றுள்ள மூடிய அறையில் ஐந்து பேர் இருந்தால் மணிக்கு ஒரு சதவீதம் ஏறும். மூன்று மணி நேரத்தில் மூன்று சதவீதம், அப்போதே தலைவலியும் மூச்சிரைப்பும் தொடங்கிவிடும். ஒவ்வொரு உடம்பும் 100 வாட் பல்பு அளவுக்குச் சூடும் விடுகிறது, வியர்வை ஈரம் வேறு.

அதனால் நல்ல பதுங்கறையின் இதயம் காற்றுக் குழாய்தான். வடிகட்டிய காற்றை விசிறியால் உள்ளே தள்ளி, உள் அழுத்தத்தை வெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைப்பார்கள். சின்ன இடுக்கு இருந்தாலும் காற்று உள்ளிருந்து வெளியேதான் போகும், நச்சு உள்ளே வராது. மின்சாரம் நின்றால்? சுவிட்சர்லாந்தின் வீட்டுப் பதுங்கறைகளில் அந்த விசிறியைக் கையால் சுற்ற ஒரு கைப்பிடி இருக்கிறது.

துருக்கியின் டெரின்குயு நிலத்தடி நகரத்தில் இதையெல்லாம் மின்சாரம் இல்லாமலே செய்தார்கள். 1963இல் ஒருவர் வீட்டைச் செப்பனிடும்போது சுவரை இடிக்க, பின்னால் வழி திறந்துகொண்டது. 85 மீட்டர் ஆழம் வரை தளம் தளமாக இறங்கும் ஊர். 50 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்கும் காற்றுத் துளை, வழியை அடைக்க உள்ளிருந்து உருட்டும் வட்டக் கல் கதவு. கல்லின் நடுவே ஒரு துளை, வெளியே யார் என்று பார்க்க.

சமையல் புகைதான் ஒளிவிடங்களைக் காட்டிக்கொடுக்கும் முதல் எதிரி. வியட்நாம் போர்க்காலச் சுரங்கங்களில் ஹோவாங் காம் அடுப்பு என்று ஒன்று இருந்தது, அதை உருவாக்கிய ராணுவச் சமையல்காரரின் பெயர். புகையை நீளமான மண் வாய்க்கால்கள் வழியாக இழுத்து, ஆறவைத்து, இலைதழைக்கு அடியில் மெல்லக் கசியவிடும். விடியற்காலைப் பனியோடு சேர்ந்தால் புகை எது, பனி எது என்று தெரியாது.

எவ்வளவு ஆழம் இருந்தால் கதிர்வீச்சு தாக்காது?

குண்டு நேராகத் தலையில் விழுந்தால் ஆழக்கணக்கு வேறு, அதைத் தனி ஆள் யோசிக்கவே வேண்டாம். தூரத்தில் வெடித்துக் கதிரியக்கச் சாம்பல் விழும் நிலைமைக்கு மட்டும் சொல்கிறேன். நன்றாக இறுகிய மண் 9 செ.மீ. இருந்தால் கதிர்வீச்சு பாதியாகும், கான்கிரீட் என்றால் 6 செ.மீ. போதும். 90 செ.மீ. மண் என்றால் பத்துமுறை பாதியாகி ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வரும். நுழைவழியை ஏன் எப்போதும் ஒரு திருப்பம் வைத்துக் கட்டுகிறார்கள் என்றால், கதிர் நேர்கோட்டில் போகும், முனை திரும்பினால் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். நேரமும் உதவும்: நேரம் ஏழு மடங்கு ஆக ஆக வீச்சு பத்தில் ஒன்றாகக் குறையும். முதல் மணி நேரத்தில் 1,000 இருந்தால் ஏழு மணி நேரத்தில் 100, இரண்டு நாளில் 10, இரண்டு வாரத்தில் 1. பழைய கையேடுகள் இரண்டு வாரத்துக்கு உணவு சேர்க்கச் சொன்னது இதனால்தான்.

எந்த நாட்டில் அதிகம்?

மக்களைக் காக்க என்றால் சுவிட்சர்லாந்து. 1963 முதல் சட்டமே இருக்கிறது, மொத்த மக்கள்தொகைக்கும் போதுமான இடம் வைத்திருக்கிறார்கள். சமாதான காலத்தில் பலர் அதில் ஒயினும் பழைய சாமானும் அடுக்கி வைக்கிறார்கள். லூசர்ன் நகரில் ஒரு நெடுஞ்சாலைச் சுரங்கத்தையே 20,000 பேருக்கான பதுங்கறையாக மாற்றும்படி 1976இல் கட்டினார்கள். 1987இல் ஒத்திகை பார்த்தபோது 350 டன் கதவு ஒன்று சரியாக மூடவில்லை. ஒத்திகை பார்த்தார்களே, அதற்காகவே அவர்களைப் பாராட்டுவேன்.

எண்ணிக்கை என்றால் அல்பேனியா. என்வர் ஹோஜா ஆட்சியில் 1,70,000க்கு மேல் கான்கிரீட் காளான்கள், முப்பது லட்சத்தைத் தொடாத மக்கள்தொகைக்கு. வயலிலும் கடற்கரையிலும் கல்லறைத் தோட்டத்திலும். வீடு கட்ட வேண்டிய சிமெண்டும் இரும்பும் இதில் போனது, எந்தப் படையும் வரவும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பணக்காரர்கள் வாங்கும் சொகுசு பங்கர்கள் வேலை செய்யுமா?

கட்டடமாகப் பார்த்தால் சில நன்றாகவே இருக்கின்றன. கான்சாஸில் 1960களின் அட்லஸ் ஏவுகணைக் கிடங்கு ஒன்றை 15 தள அடுக்குமாடியாக மாற்றியிருக்கிறார்கள், சுவரே இரண்டரை மீட்டருக்கு மேல் தடிமன், ஜன்னலுக்குப் பதில் திரைகள். ஆனால் வாங்கியவர் எங்கோ ஒரு நகரத்தில் இருப்பார், ஆபத்து வரும் நாளில் அங்கே போய்ச் சேர வேண்டும். சேர்ந்த பிறகும் பம்பை ஓட்டுகிறவரும் காவலாளியும் தங்கள் குடும்பத்தை வெளியே விட்டுவிட்டு இவருக்காக வேலை செய்வார்களா? விற்பனைப் படங்களில் நீச்சல் குளம் இருக்கும், இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது.

நானே வீட்டுக்கு அடியில் தோண்டலாமா?

பொறியாளரும் அனுமதியும் இல்லாமல் தயவுசெய்து வேண்டாம். கப்பல் கன்டெய்னரைப் புதைத்தால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கன்டெய்னரின் பலமெல்லாம் நான்கு மூலைத் தூண்களில் இருக்கிறது, பக்கச் சுவர் மெல்லிய தகடு. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை முதல் இரண்டு டன், ஈரமானால் இன்னும் கூடும், பக்கவாட்டில் அழுத்திச் சுவரை உள்ளே வளைத்துவிடும். நிலத்தடி நீர் உயரும் இடத்தில் காலியான கான்கிரீட் பெட்டி படகு போல மேலே மிதந்து வரும். ஜெனரேட்டரை உள்ளே வைத்தால் அதன் புகையே கொன்றுவிடும்.

லண்டனில் ஹாக்னி பகுதியில் ஒருவர் 40 வருடம் தன் வீட்டுக்கு அடியில் தோண்டிக்கொண்டே இருந்தார், ஒரு கட்டத்தில் தெரு நடைபாதையே உள்வாங்கியது. அதில் யாருக்கும் உயிர் போகவில்லை. 2017இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் அப்படி இல்லை. அணு ஆயுதப் பயத்தில் ஒரு பணக்கார இளைஞர் வீட்டுக்கு அடியில் சுரங்கம் வெட்ட இன்னொரு இளைஞரைக் கூலிக்கு வைத்தார். இடம் தெரியக்கூடாது என்று கண்ணை மறைத்துக் கூட்டி வந்தார். வீட்டில் தீப்பிடித்தபோது, குவிந்து கிடந்த சாமான்களைத் தாண்டி அந்தப் பையனால் வெளியே வர முடியவில்லை. வீட்டுக்காரருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. எந்த நிலத்தடி இடமானாலும் வெளியே வர இரண்டு வழி, இரண்டும் எப்போதும் காலியாக. இதில் மட்டும் சமரசமே கிடையாது.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

மேலே சொன்னவற்றில் பல இப்போது அருங்காட்சியகம். கிரீன்பிரையரைச் சுற்றிக் காட்டுகிறார்கள், கோன்யிட்ஸில் சமகாலக் கலைப் படைப்புகளை வைத்திருக்கிறார்கள், அல்பேனியத் தலைநகர் டிரானாவில் ஹோஜாவின் ஐந்து தளப் பதுங்கறை இப்போது வரலாற்றுக் காட்சிக்கூடம். கனடாவில் ஒட்டாவாவுக்குப் பக்கத்தில் 535 பேருக்காகக் கட்டிய டீஃபன்பங்கர் இருக்கிறது.

ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் லண்டனில் சர்ச்சிலின் போர் அறைகளைச் சொல்வேன். அமெரிக்க அதிபரோடு பேசிய தொலைபேசி அறையின் கதவில் கழிப்பறைத் தாழ்ப்பாள் இருக்கும், அது சர்ச்சிலின் தனிக் கழிப்பறை என்றே ஊழியர்கள் நினைத்திருந்தார்கள். வரைபட அறையில் 1945 ஆகஸ்டில் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். பல வருடம் கழித்து, 1980களில், அருங்காட்சியகத்துக்காக ஒரு மேசை இழுப்பறையைத் திறந்தபோது பெயர் எழுதிய ஒரு உறை கிடைத்தது. உள்ளே மூன்று சர்க்கரைக் கட்டிகள். ரேஷன் காலத்தில் ஒரு விமானப்படை அதிகாரி மற்றவர்கள் எடுத்துவிடாமல் ஒளித்து வைத்த தன் பங்கு.